காத்தாயியும் பேசாத நாயும்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டு ஆறுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலத்தில், கொன்றைமலை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மிருகங்களுக்கும் பேச்சு உண்டு. மாட்டுக்குப் பசித்தால் கத்தாது, "வைக்கோல் போடு" என்று சொல்லும். காக்கை கூரையில் உட்கார்ந்துகொண்டு யார் வீட்டில் என்ன குழம்பு என்று ஊருக்கே அறிவிக்கும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

அந்த நாட்டை ஆண்டவர் வீரகேது மகாராஜா. அவருக்கு ஒரே மகள், நீலவேணி. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். தாதிகள் பின்னாலேயே ஓடி ஓடி இளைத்துப் போனார்கள்.

ஒருநாள் அரண்மனைக்குத் தீக்கண்டன் என்ற மந்திரவாதி வந்தான். மந்திர சக்தி வேண்டுமென்று வாலிப வயதில் ஒரு நெருப்புத் துண்டை விழுங்கியவன் அவன். அது அவன் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அவன் பேசினால் வாயிலிருந்து புகை வரும்.

"இளவரசியை எனக்குக் கட்டிக் கொடுங்கள்" என்றான்.

மகாராஜா மகளைப் பார்த்தார்.

"எனக்கு விருப்பமில்லை" என்றாள் நீலவேணி. வேறொன்றும் சொல்லவில்லை. ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

தீக்கண்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ மிதிக்கும் இடமெல்லாம் உன் பாதத்தைச் சுடட்டும்! மண்ணும் சுடும், கல்லும் சுடும், மரமும் சுடும். என் வீட்டு வாசற்படி மட்டும்தான் உனக்குக் குளிரும். அங்கே நீயாகவே வந்து சேருவாய்!" என்று சபித்துவிட்டு, புகையோடு புகையாக மறைந்துபோனான்.

நீலவேணி மண்ணில் கால் வைத்தாள். மண் சுட்டது. கல்லில் கால் வைத்தாள். கல் சுட்டது. மரப்பலகையில் வைத்தாள், அதுவும் சுட்டது. அன்றிலிருந்து அந்தத் துறுதுறுத்த பெண் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எங்கே போவதென்றாலும் பல்லக்கில்தான்.

அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடும் ஒரு புருஷனும் பெண்சாதியும் அங்கே இருந்தார்கள். புருஷன் பெயர் நல்லமுத்து. பெண்சாதி பெயர் காத்தாயி. நம் கதை இந்தக் காத்தாயியைப் பற்றியது.

ஒருநாள் கால்வாய் ஓரமாக இளவரசியின் பல்லக்கு போனபோது தூக்கிகளில் ஒருவனுக்குக் கால் இடறியது. பல்லக்கு சாய்ந்தது. இளவரசியின் ஒரு கால் வெளியே சரிந்து, கரையிலிருந்த ஈரமான அருகம்புல்லின் மேல் பட்டது. எல்லாரும் பதறினார்கள். புல்கட்டோடு நின்றிருந்த நல்லமுத்து மட்டும் இளவரசியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் வலி இல்லை.

"பச்சைப் புல்லு சுடலை காத்தாயி" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "சாபம் போட்டவன் மண்ணைச் சொன்னான், கல்லைச் சொன்னான், மரத்தைச் சொன்னான். புல்லை மறந்துட்டான்."

மகாராஜாவிடம் சொன்னார்கள். ஒரே மழைக்காலத்தில் நல்லமுத்து ஒரு குளத்தளவு இடத்தில் அருகம்புல் நட்டுப் புல்தரையாக்கினான். நடுவில் இளவரசிக்கு ஒரு பந்தலும் கயிற்றுக் கட்டிலும் போட்டார்கள். நீலவேணி புல்லில் கால் வைத்தாள். குளிர்ந்தது. ஒரு அடி நடந்தாள், இரண்டு அடி நடந்தாள், மூன்றாம் அடிக்கு ஓடவே தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்து மகாராஜா அழுதார்.

ஆனால் அந்தச் சந்தோஷம் காத்தாயி வீட்டில் நிலைக்கவில்லை. இன்னும் நல்ல புல்லாகக் கொண்டுவருகிறேன் என்று மலைக்குப் போன நல்லமுத்து திரும்பி வரவேயில்லை. ஒரு மாதம் போனது, ஒரு வருஷம் போனது. அவன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஊர் பேசியது. காத்தாயி யாரோடும் வாதாடவில்லை. அவன் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். புல்தரை அவள் பொறுப்பானது. காலையில் தண்ணீர், மதியம் களை, மாலையில் மறுபடி தண்ணீர். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷம் கோடையில் தொல்லை தொடங்கியது.

முதலில் புல்தரையில் குழிகள் விழுந்தன. விடிந்து பார்த்தால் அங்கே ஒரு வளை, இங்கே ஒரு மண்மேடு. ஓடிவந்த இளவரசியின் கால் குழிக்குள் போய், உள்ளே இருந்த மண் சுட்டு, அவள் அலறினாள்.

அன்றே அரண்மனைக்கு ஒரு பச்சிலை வைத்தியர் வந்தார். நீண்ட தாடி. கொளுத்தும் வெயிலிலும் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி; பேசும்போது அதன் நுனியால் வாயைப் பொத்திக்கொள்வார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மகாராஜாவுக்குத் தெரியவில்லையே!

"பெருச்சாளி வேலை இது" என்றார் வைத்தியர். "வளையெல்லாம் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுங்கள். கொன்றால்தான் தீரும் மகாராஜா."

பக்கத்தில் நின்ற காத்தாயி புல்தரையைத் திரும்பிப் பார்த்தாள். கொதிக்கிற எண்ணெய் பட்டால் பெருச்சாளியோடு புல்லும் அல்லவா வெந்துபோகும்?

"மூணு நாள் குடுங்க மகாராஜா" என்றாள். "நான் கேட்டுப் பாக்கறேன்."

மகாராஜா யோசித்தார். கொடுத்தார்.

சாயங்காலம் காத்தாயி ஒரு வளையின் வாயில் உட்கார்ந்து கூப்பிட்டாள். "ஏம்பா பெருச்சாளி, வெளியே வா. நான் தனியாத்தான் இருக்கேன்."

மீசை முதலில் வந்தது. பிறகு மூக்கு வந்தது. பிறகு பெருச்சாளியே வந்தது.

"என்னக்கா?"

"இத்தனை இடம் இருக்கையில இங்க வந்து ஏம்பா தோண்டற?"

"ஆசைப்பட்டா வந்தேன்? எங்க வளையெல்லாம் கால்வாய்க் கரையில இருந்துச்சு. கரை உடைஞ்சு தண்ணி உள்ள வந்துருச்சு. எட்டுக் குட்டிக்கா. ஈரத்துல எங்க போட்டு வளர்க்கறது? இங்கதான் மண்ணு மெத்துன்னு இருந்துச்சு."

காத்தாயி போய்ப் பார்த்தாள். கரை உடைந்துதான் கிடந்தது. முதல் நாள் மண் சுமந்தாள். இரண்டாம் நாள் கல் அடுக்கினாள். மூன்றாம் நாள் மிதித்து மிதித்து இறுக்கினாள். பெருச்சாளி வந்து கரையைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்தது. "நல்லாயிருக்குக்கா" என்று சொல்லி, எட்டுக் குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போனது. காத்தாயி குழிகளை மூடிப் புல்லை நட்டாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த தொல்லை வந்தது. இந்த முறை புல்தரையையே பாய் சுருட்டுவது போல யாரோ சுருட்டிப் போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி.

வைத்தியரும் சொல்லிவைத்தது போல வந்தார். "தரை முழுக்க ஏர் ஓட்டிப் புரட்டுங்கள். நடுவே பள்ளம் வெட்டி ஈட்டி நட்டுவையுங்கள். கொன்றால்தான் தீரும் மகாராஜா."

"மூணு நாள் குடுங்க மகாராஜா" என்றாள் காத்தாயி.

விடியற்காலையில் பன்றி வந்தது. கோரைப்பல் இரண்டும் அரிவாள் மாதிரி இருந்தன. காத்தாயி இரண்டடி தள்ளியே நின்றாள். ஆனாலும் கேட்டாள். "ஐயா, பச்சைப்புள்ள மாதிரி வளர்த்த புல்லு. இப்படிக் கிழிக்கலாமா?"

பன்றி சேற்று முகத்தை நிமிர்த்தியது. "புல்லை யார் தின்னா தாயி? இங்க வா. இதைப் பாரு."

சுருண்டு கிடந்த புல்லின் அடியில் காத்தாயி குனிந்து பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக, வளைந்து வளைந்து புழுக்கள். அருகம்புல்லின் வேரையெல்லாம் அரித்துக்கொண்டிருந்தன.

"உன் புல்லைத் தின்னுறது அது. அதைத் தின்னுறது நான்" என்றது பன்றி. "புழு வாசம் மலைவரைக்கும் வருது. பசிக்கிற வயிறு சும்மா இருக்குமா?"

காத்தாயி சிரித்துவிட்டாள். "நியாயம்தான் ஐயா" என்றாள். வேப்பம்புண்ணாக்கை இடித்தாள். முதல் நாள் தூவினாள், இரண்டாம் நாள் தண்ணீர் பாய்ச்சினாள், மூன்றாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். புழு ஒன்றுகூட இல்லை. பன்றி வந்து முகர்ந்தது. "கசப்பு நாறுது தாயி. இனிமே எனக்கு இங்க வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டது.

வைத்தியர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாய் வந்தது.

கறுப்பு நாய். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. கழுத்தில் ரொம்ப நாள் சங்கிலி கிடந்த காய்ப்பு. நடுமத்தியானத்தில், காவலாளிகள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வரும். புல்தரையில் ஓரிடத்தில் நிற்கும். காலைத் தூக்கும். போய்விடும். மறுநாள் அந்த இடம் தட்டகலத்துக்கு மஞ்சளாகிக் கருகிக் கிடக்கும். அதற்கு மறுநாள் இன்னொரு வட்டம். பிறகு ஒரே நாளில் பல வட்டங்கள்.

பத்தே நாளில் பச்சைப் புல்தரை சிறுத்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் வட்டத்தில் கால் பட்டால் நீலவேணிக்குச் சுட்டது. காய்ந்த புல்லுக்குத்தான் குளிர்ச்சி இல்லையே. ஓடியவள் நடந்தாள். நடந்தவள் பச்சை தேடித் தாண்டினாள். பிறகு தாண்டவும் இடமில்லாமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வைத்தியர் வந்தார். "நாயைப் பிடித்து அந்தப் புல்லிலேயே வெட்டுங்கள். கொன்றால்தான் தீரும் மகாராஜா."

"மூணு நாள் குடுங்க மகாராஜா" என்றாள் காத்தாயி. இந்த முறை அவள் குரலில் பழைய தெம்பு இல்லை.

மகாராஜா கட்டிலில் குன்றி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். "மூன்று நாள் தருகிறேன் காத்தாயி. மூன்றாம் நாள் உச்சிவெயில் சாய்ந்தால் நாய் உயிரோடு இருக்காது" என்றார்.

மத்தியானம் நாய் வந்தது. காத்தாயி வழிமறித்தாள்.

"ஏன் இப்படிச் செய்யற? உனக்கு என்ன குறை? பசியா? சொல்லு, சோறு போடறேன். யாராவது அடிச்சாங்களா? அதையாவது சொல்லு."

நாய் பேசவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"பெருச்சாளி சொன்னான். பன்னி சொன்னான். உனக்கு மட்டும் வாய் இல்லையா?"

நாய் பேசவில்லை. அவள் கண் முன்னாலேயே காலைத் தூக்கியது.

மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் காத்தாயிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கி எறிந்தாள். அது நாயின் விலாவில் விழுந்து உடைந்தது. நாய் குரைக்கவில்லை, ஓடவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பி மெல்ல நடந்தது.

அது நடப்பதைக் காத்தாயி பார்த்துக்கொண்டேயிருந்தாள். வந்த வழியே போகவில்லை அது. இரண்டு முழம் தள்ளிப் போனது. அங்கேயும் ஒரே கோட்டில் போகாமல், ஒவ்வோர் அடியையும் புது இடத்தில் தேடி வைத்தது. ஒருமுறை மிதித்த புல்லை மறுமுறை மிதிக்கவில்லை.

நாய் அப்படி நடக்காது. நாயென்ன, மனிதர்களும் அப்படி நடக்க மாட்டார்கள். அப்படி நடந்த ஒரே ஒருவரைத்தான் காத்தாயிக்குத் தெரியும். "ஒரே தடத்துல நடந்தா புல்லு தேஞ்சு பாதை விழுந்துரும்" என்பான் நல்லமுத்து. சொந்த வீட்டு வாசலுக்குக்கூட வளைந்து வளைந்துதான் வருவான். ஊர் சிரிக்கும்.

அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. இந்த நாட்டில் எல்லா மிருகமும் பேசுகிறது. இது பேசவில்லை. அப்படியென்றால் இது மிருகமே இல்லை.

புருஷன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடும் விதத்தில்தான் கூப்பிட்டாள்.

"ஏங்க..."

நாய் நின்றது.

"ஏங்க, நீங்களா?"

நாய் திரும்பியது. அதன் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

காத்தாயி ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மண்ணாங்கட்டி பட்ட விலாவைத் தடவித் தடவி அழுதாள். "தெரியலையே எனக்கு, தெரியலையே" என்றாள். பந்தலிலிருந்து நீலவேணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் காத்தாயி அது?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

காத்தாயி சொன்னாள். சொல்லும்போதே, இளவரசி சிரித்துவிடுவாளோ என்று பயந்தாள். நீலவேணி சிரிக்கவில்லை.

"நல்லமுத்து அண்ணனா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்காகப் புல் தேடிப் போனவர் அல்லவா? அப்பாவிடம் சொல்வோம்."

"வேண்டாம்மா. மகாராஜா நம்பினாலும் அந்த வைத்தியர் நம்பவிட மாட்டார். பைத்தியக்காரின்னு என்னைத் தள்ளிட்டு இவரை வெட்டிருவாங்க. புல்லு பச்சையாகட்டும். பச்சைப் புல்லைக் காட்டிக் கேட்டா நியாயம் கிடைக்கும்."

"சரி, இவரை என்ன செய்யப் போகிறாய்? இங்கே இருந்தால் இன்னும் கருகுமே."

காத்தாயி நாயைப் பார்த்தாள். மூலையில் ஒரு மணல் மேடு போட்டு, நடுவே ஒரு மரக்கட்டை நட்டு, "இங்க போங்க" என்று காட்டினாள். நாய் ஆசையாகத்தான் போனது. ஆனால் மணலில் கால் வைத்ததும், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல அதன் உடம்பு புல்லுக்கே திரும்பி வந்தது. வெட்கத்தில் முகத்தைக் காலுக்குள் புதைத்துக்கொண்டது.

காத்தாயிக்குப் புரிந்தது. "உங்க குத்தம் இல்லீங்க" என்றாள். "நீங்க இங்கயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

சாபத்தின் முடிச்சு என்னவென்று அவளுக்குத் தெரியாது. விரட்ட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

முதல் நாள். நாய் காலைத் தூக்கியதும் காத்தாயி குடத்தோடு ஓடினாள். ஒரு குடம் ஊற்றினாள். இரண்டாம் குடம் ஊற்றினாள். மூன்றாம் குடமும் ஊற்றினாள். மூத்திரத்தின் உப்பெல்லாம் கரைந்து ஆழத்துக்குப் போகட்டும் என்று ஊற்றினாள். மாலையில் பார்த்தாள், மறுநாள் காலையிலும் பார்த்தாள். அந்த இடம் கருகவில்லை. புதிய வட்டம் விழாமல் காக்க வழி கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள். பழைய வட்டங்களைக் கையில் எடுத்தாள். கருகிய புல்லை வாரி எடுத்தாள். எரிந்துபோன மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தினாள். தண்ணீர் விட்டுக் கழுவினாள். கால்வாய் வண்டலைக் கொண்டுவந்து பரப்பினாள். அருகங்கொடியைக் கணுக் கணுவாகக் கிள்ளி நட்டாள். நட்டு நட்டு இடுப்பு ஒடிந்தது. கட்டிலில் படுத்தபடியே நீலவேணி கை எட்டிய வட்டத்திலெல்லாம் கணு நட்டுக் கொடுத்தாள். நாய் பக்கத்திலேயே படுத்திருந்தது. காவலாளி ஒருவன் கம்போடு வந்தான். "நாய் இங்கேதான் இருக்கும்" என்றாள் இளவரசி. அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள். காத்தாயி வட்டம் வட்டமாகப் போய்ப் பார்த்தாள். வண்டல் கறுப்பாக இருந்தது. கணு காய்ந்த மாதிரி இருந்தது. பச்சை இல்லை.

வெயில் ஏறியது. பச்சை இல்லை.

உச்சிவெயில் ஆனது. மகாராஜா வந்தார். வாளோடு இரண்டு வீரர்கள் வந்தார்கள். வைத்தியர் புல்லின் ஓரத்தில் கல்பாவிய பாதையில் நின்றுகொண்டார். "நான் சொன்னேனே! மூன்று நாளும் வீண். வெட்டுங்கள்" என்றார்.

காத்தாயி நாயின் முன்னால் வந்து நின்றாள். "இன்னும் வெயில் சாயலை மகாராஜா."

"ஒரு நாய்க்காக என் மகளை நான் இழக்க முடியாது காத்தாயி. விலகு."

"விலக மாட்டேன். என்னை வெட்டிட்டு இவரை வெட்டுங்க."

"நாயைப் போய் 'இவர்' என்கிறாளே!" என்று வைத்தியர் சிரித்தார். வாயைப் பொத்த மறந்து சிரித்தபோது அவர் வாயிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நீலவேணி கத்தினாள்.

"அப்பா! இங்கே பாருங்கள்!"

கட்டிலிலிருந்து தலையைத் தரைவரை தொங்கவிட்டு, ஒரு வட்டத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தாள் அவள். கறுப்பு வண்டலில், ஊசிமுனையளவு, பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

மகாராஜா குனிந்து பார்த்தார். வீரர்களும் குனிந்தார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு முனை தெரிந்தது. அடுத்த வட்டத்தில் இரண்டு. அதற்கடுத்ததில் நான்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா வட்டமும் துளிர்த்தது.

அந்தத் துளிர்களுக்கு நடுவில் நின்ற நாய் ஒருமுறை உடம்பை உதறியது. கறுப்பு முடி உதிர்ந்தது. இன்னொரு முறை உதறியது. வால் போனது. மூன்றாம் முறை உதறியது. எலும்பும் தோலுமாக நல்லமுத்து நின்றான். காத்தாயி தன் மேல்துணியை எடுத்து அவன் மேல் போர்த்தினாள். இரண்டு வீரர்களும் வாளைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நல்லமுத்துவுக்குப் பேச வரவில்லை. தொண்டையைச் செருமிச் செருமி, கல்பாதையைக் கை நீட்டிக் காட்டினான். "அவன்... தீக்கண்டன்... மலையில என்னைப் பிடிச்சுச் சங்கிலியில கட்டிப் போட்டான் மகாராஜா. 'நீ வளர்த்த புல்லை நீயே கருக்குவாய். கருகின புல்லு உன் காலடியிலேயே துளிர்க்கும் வரை நாயாயிரு. நாயை எவன் புல்லில் நிற்கவிடுவான்?'ன்னு சொல்லிச் சிரிச்சான். இப்பதான் புல்லைக் கருக்கறதுக்காக என்னை அவுத்துவிட்டான். நான் செத்திருந்தா அந்த வட்டம் எந்தக் காலத்திலும் துளிர்த்திருக்காது. அதுக்குத்தான் வெட்டுங்க வெட்டுங்கன்னான்."

வைத்தியர் கம்பளித் துணியைப் பிய்த்து எறிந்தார். கழுத்துக்குள் நெருப்பு கனன்றது வெளியே தெரிந்தது. "புல்! வெறும் புல்! இதனிடம் நான் தோற்பதா?" என்று கத்திக்கொண்டு, அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிடுகிறேன் என்று தீக்கண்டன் புல்தரைக்குள் பாய்ந்தான்.

அதுவரை அவன் அந்தப் புல்லில் கால் வைத்ததே இல்லை. ஏன் வைத்ததில்லை என்பது இப்போது தெரிந்தது. முதல் அடி வைத்தான். கணுக்கால்வரை குளிர்ந்தது. இரண்டாம் அடி வைத்தான். நெஞ்சுவரை குளிர்ந்தது. மூன்றாம் அடி வைத்தான். தொண்டையில் இருந்த நெருப்பு 'சுஸ்' என்று அணைந்தது. கொஞ்சம் புகை வந்தது. பிறகு அதுவும் இல்லை. அங்கே நின்றது ஒரு கிழவன். வெயிலில் பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான்.

நெருப்பு அணைந்ததும் அவன் போட்ட சாபமெல்லாம் அணைந்தது. நீலவேணி கட்டிலிலிருந்து மெல்ல இறங்கினாள். புல்லைத் தாண்டி மண்ணில் கால் வைத்தாள். மண் சுடவில்லை. கல்பாதையில் வைத்தாள். வெயில் காய்ந்த கல் கொஞ்சம் சுட்டது. எல்லாருக்கும் சுடுமே, அவ்வளவுதான் சுட்டது. அவளுக்கு அதுவே சிரிப்பாக இருந்தது. அரண்மனை மரப்படியில் வைத்தாள். பிறகு அவளை யார் பிடிப்பது? இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேல்மாடிக்குப் போய்விட்டாள். தாதிகள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்கள்.

மகாராஜா வாளை உருவிக்கொண்டு கிழவனிடம் போனார். மேலேயிருந்து நீலவேணி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கொல்ல வேண்டாம். அவருக்குக் குளிருகிறது. ஒரு போர்வை கொடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்."

மகாராஜாவின் கை இறங்க நேரமாயிற்று. இறங்கியது. போர்வையைப் போர்த்திக்கொண்டு கிழவன் யார் முகத்தையும் பார்க்காமல் போனான். அவனை யாரும் கல்லால் அடிக்கவில்லை.

"காத்தாயி, என்ன வேண்டும் கேள்" என்றார் மகாராஜா. "ஊர் வேண்டுமா, மாளிகை வேண்டுமா?"

காத்தாயி நல்லமுத்துவைப் பார்த்தாள். அவனுக்கு அதற்குள் பேச்சு வந்துவிட்டது. மூன்று வருஷமாகத் தேக்கி வைத்த பேச்சல்லவா? மலையைப் பற்றிச் சொன்னான். மலைமேல் பார்த்த ஒரு புல்லைப் பற்றிச் சொன்னான். சங்கிலியைப் பற்றிச் சொல்லவந்து, சொல்ல முடியாமல் நிறுத்தி, மறுபடி புல்லைப் பற்றியே பேசினான்.

"கால்வாய்க்கரையில ஒரு வீடு போதும் மகாராஜா" என்றாள் காத்தாயி. "மூலையில போட்ட மணல் மேடு அப்படியே இருக்கட்டும். தெரு நாய் வந்தா அங்க போகட்டும். தப்பிப் புல்லுல போனா தண்ணி ஊத்துங்க, போதும். கம்பெடுக்க வேண்டாம்."

"இவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. மூணு வருஷம் தண்ணி சுமந்துட்டேன். ஒரு மாசம் நான் குடத்தைத் தொட மாட்டேன். இவரு பேசறதைக் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன்."

"அப்படியானால் புல்லுக்குத் தண்ணீர்?"

காத்தாயி மகாராஜாவையே பார்த்தாள்.

முதல் நாள் மகாராஜா குடம் சுமந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாளும் சுமந்தார். அன்று இளவரசியும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கூட ஓடினாள். மூன்றாம் நாள் மகாராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "கால்வாயிலிருந்து இங்கே ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன?" என்று கேட்டார். கரையில் இருந்த பெருச்சாளி, "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாமே!" என்றது.

வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் ஓடியது. புல் தழைத்தது. காத்தாயியும் நல்லமுத்துவும் கரை வீட்டில் நிறைவாக வாழ்ந்தார்கள். அங்கே அவர்கள் புல் பச்சையாக இருக்கட்டும். இங்கே கதை கேட்ட உங்கள் வீட்டு முற்றமும் பச்சையாக இருக்கட்டும்.